புதுத் தொட்டியின் முதல் ஆறு வாரங்கள்

புதிதாக வைத்த மீன் தொட்டியில் மீன்கள் முதல் நாளே சாவது அபூர்வம். கடையிலிருந்து பாலிதீன் பையில் கொண்டுவந்து விட்ட கப்பிகளும் மோலிகளும் தங்கமீன்களும் ஒரு வாரம் வரை துறுதுறுவென்று நீந்துகின்றன. போட்ட தீனியைப் பாய்ந்து தின்கின்றன. பத்து நாள் கழிந்ததும் ஒன்று நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. இன்னொன்று மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. அடுத்த சில நாட்களில் ஒவ்வொன்றாக மிதக்கின்றன. வீட்டில் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நமக்குப் பழகியவை: கடைக்காரர் நோய் பிடித்த மீனைக் கொடுத்துவிட்டார், இந்த வீட்டுக்கு மீன் ராசியில்லை, நமக்கு வரவிருந்த கெடுதலை மீன் வாங்கிக்கொண்டது. தொட்டியிலோ நீர் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பத்து நாள் தாமதத்திலேயே காரணம் அடங்கியிருக்கிறது. ஊற்றிய தண்ணீரே கெட்டதாக இருந்தால் மீன் அன்றைக்கே திணறியிருக்கும். பத்து நாள் கழித்துத் திணறுகிறது என்றால், தொட்டிக்குள் ஏதோ ஒன்று சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதற்கு நிறமில்லை. நமக்குத் தெரியும்படி வாசனையும் இல்லை. அளந்துதான் அறிய வேண்டும். எனவே மீனுக்கு முன்பே நீர்ச்சோதனைப் பெட்டியை வாங்க வேண்டும். அதை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வைத்துவிடாமல், வாரக்கணக்கில் தொடர்ந்து பார்த்து எழுதிவர வேண்டும். அந்தத் தொடர் இல்லாமல் தொட்டியின் நிலையைத் தெரிந்துகொள்ள நமக்கு வேறு வழி கிடையாது.

சேர்ந்துகொண்டே வந்தது அம்மோனியா. தீனியில் உள்ள புரதம் மீனின் உடலில் செரித்தபின் மிஞ்சும் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதி செவுள் வழியாகவே அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. தின்னாமல் அடியில் தங்கிய தீனியும் எச்சமும் அழுகும்போது இன்னும் கொஞ்சம் சேர்கிறது. ஆற்றில் இது அடித்துச் செல்லப்படும். நாற்பது லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் எங்கும் போகாது. நிலைபெற்ற தொட்டியில் இதைக் காலி செய்பவை நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, மற்றொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இடையில் வரும் நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தத்தில் புகுந்து, உயிர்க்காற்றைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அந்த வேலைக்கு உதவாததாக மாற்றிவிடுகிறது. இரத்தம் பழுப்பாகிறது. நீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் மீன் மூச்சுக்குத் திணறுகிறது. கடைசியாக வரும் நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும். வாராந்திர நீர் மாற்றத்தில் அதைக் குறைத்துவிடலாம். புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டங்களும் இல்லை. அவை குடியேறிப் பெருகுவதற்குள் மீன் வந்துவிடுகிறது.

இந்தத் தாமதம் எவ்வளவு இயல்பானது என்பதை நூற்றைம்பது ஆண்டுகளாக அறிவியல் அறிந்திருக்கிறது. 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாய் வழியாகக் கழிவுநீரை மெதுவாகக் கசியவிட்டார்கள். ஏறத்தாழ இருபது நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. அதன்பிறகு வெளியே வந்த நீரில் அம்மோனியா மறைந்து நைட்ரேட் தோன்றியது. வெறும் வேதிவினையாக இருந்தால் இருபது நாள் காத்திருக்கத் தேவையே இல்லை என்று அவர்கள் சரியாகவே யோசித்தார்கள். குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. குளோரோபார்மை நீக்கி, மண்ணைக் கரைத்த நீர் கொஞ்சம் சேர்த்ததும் சில நாளில் மீண்டும் தொடங்கியது. வேலை செய்தது உயிர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று அன்று வேண்டியிருக்கவில்லை. வீட்டுத் தொட்டியின் வடிகட்டியில் நடப்பதும் இதுதான்: அந்த மணலின் இடத்தில் நம்மிடம் ஸ்பாஞ்ச் இருக்கிறது.

மீன் தொட்டியின் வரலாற்றிலேயே இதற்கு அழகான ஓர் இணைப்பு உண்டு. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1849இல் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் ஒரு தொட்டியில் சேர்த்து வைத்தார். இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகளை விட்டபின் தெளிந்தது. மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்று 1850இல் கெமிக்கல் சொசைட்டியில் அறிவித்தார். வீட்டில் மீன் தொட்டி வைக்கும் வழக்கம் பரவ அந்த அறிவிப்பு ஒரு முக்கியக் காரணம். அவர் வரைந்த சித்திரத்தில் ஆக்சிஜன் இருந்தது, கரியமில வாயு இருந்தது; அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் இல்லை, அன்று யாருக்கும் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்ப உழைத்தவர்களில் ஒருவர் அவருடைய மகன், அதே பெயருடைய இன்னொரு ராபர்ட் வாரிங்டன். ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் அவர் மண்ணில் நைட்ரேட் உருவாவதை ஆராய்ந்து, அது இரண்டு கட்டமாக, இரண்டு வேறு உயிரிகளால் நடக்கிறது என்று காட்டினார். அந்த உயிரிகளைத் தனியே பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் நுண்ணுயிரியலாளர் விநோகிராட்ஸ்கி அதைச் செய்தார். தந்தையின் தொட்டியில் என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்ல மகன் தலைமுறையின் மண் ஆராய்ச்சி தேவைப்பட்டது.

இப்போது அளவுகளுக்கு வருவோம். மீன் இல்லாத தொட்டியில் அம்மோனியாவைச் சேர்த்து, தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சோதித்து எழுதிவந்தால் ஒரு கோலம் தெரியும். முதலில் அம்மோனியா மட்டும் இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் அது இறங்கத் தொடங்கும். அதே வேளையில் நைட்ரைட் தலைகாட்டும். நைட்ரைட் பல நாள் உச்சத்திலேயே நிற்கும், ஏனென்றால் இரண்டாம் கூட்டம் இன்னும் மெதுவாகவே வளர்கிறது. பிறகு ஒருநாள் அதுவும் சரசரவென்று இறங்கும், நைட்ரேட் ஏறியிருக்கும். எல்லாம் சேர்ந்து வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம். நீர் 28, 30 டிகிரியில் இருக்கும் நம் ஊரில் சற்றுச் சீக்கிரமும் முடியலாம். ஈகோலை போன்ற பாக்டீரியா தகுந்த சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். அம்மோனியா தின்னும் இனங்களுக்குப் பல மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாளுக்கும் மேல் ஆகும். அவை பெருகும் வேகத்தை அவசரப்படுத்த வழியில்லை. இந்தக் கோலத்தை மனதில் வைத்துப் பார்த்தால், ஒற்றைச் சோதனை ஏன் ஏமாற்றும் என்பது விளங்கும். ‘அம்மோனியா சுழியம்’ என்ற முடிவு இரண்டு நாட்களில் வரும்: தொட்டி தொடங்கிய முதல் நாளிலும், தொட்டி நிலைபெற்ற கடைசி நாளிலும். முதல் நாள் தண்ணீரைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்து ‘சரியாக இருக்கிறது’ என்று கேட்டு மீன் வாங்கி வருபவர், இன்னும் தொடங்காத ஒன்றுக்குச் சான்றிதழ் வாங்கி வருகிறார்.

எண்களைத் தனித்தனியாகப் படிக்கவும் கூடாது. சோதனைப் பெட்டி காட்டுவது மொத்த அம்மோனியாவை. அதில் ஒரு பகுதிதான் செவுளைத் துளைத்து உள்ளே போகும் வடிவம். மற்றது அம்மோனியம் அயனி, அவ்வளவு கெடுதல் செய்யாது. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச்சும் வெப்பமும். 30 டிகிரி நீரில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே நச்சு வடிவம். பிஎச் 8 ஆனால் ஏழு விழுக்காட்டைத் தாண்டும். பிஎச் 8.5 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. நச்சு வடிவம் 0.05 பிபிஎம்மைத் தாண்டினால் செவுள் சேதமடையும் என்பது மீன் வளர்ப்பில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஆகவே ஒரே 1 பிபிஎம் அம்மோனியா, பிஎச் குறைந்த மென்மையான நீரில் எச்சரிக்கையோடு போய்விடும். பிஎச் உயர்ந்த போர் தண்ணீரில் மீனை வாட்டி எடுக்கும். வெப்பம் குறைந்த ஊர்களுக்காக எழுதப்பட்ட கையேடுகளை நம்பி ‘இவ்வளவு இருந்தால் பரவாயில்லை’ என்று சென்னையில் சும்மா இருந்துவிட முடியாது.

அதனால் தொட்டியை நிரப்பும் முன்பே ஊற்றப்போகும் தண்ணீரைச் சோதித்துவிட வேண்டும். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். லாரித் தண்ணீரிலும் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கலாம். குளோரின் மீனையும் கொல்லும், நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவையும் கொல்லும். ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டாலோ தயோசல்பேட் சேர்த்தாலோ போய்விடும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் வேறு விஷயங்கள் உண்டு. நிலத்தடியில் கரைந்த கரியமில வாயுவோடு வருவதால் குழாயடியில் பிடித்ததும் சோதித்தால் பிஎச் குறைவாகத் தெரியும். ஒரு நாள் காற்றாடியபின் ஏறிவிடும். அந்த இரண்டாவது எண்தான் மீன் வாழப்போகும் எண். விளைநிலங்களுக்கு அருகிலுள்ள கிணறுகளிலும் சாக்கடை கசியும் பகுதிகளிலும் நைட்ரேட் ஏற்கெனவே இருக்கலாம். இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. இது தெரியாமல் மூன்றாம் நாள் தொட்டியில் நைட்ரேட்டைக் கண்டவர், பாக்டீரியா வந்துவிட்டது என்று மகிழ்ந்து மீன் வாங்கிவிடுவார்.

ஆர்ஓ தண்ணீர்தான் தூய்மையானது, அதையே ஊற்றலாம் என்று நினைப்பவர்கள் பலர். தூய்மையே இங்கே பிரச்சினை. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும்போது நீரில் உள்ள காரத்தன்மை செலவாகிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் காரத்தன்மை. ஆர்ஓ தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லை. எனவே பிஎச் மளமளவென்று சரிந்து 6க்குக் கீழே போகும், பாக்டீரியா சோர்ந்து நின்றுவிடும், அம்மோனியா அப்படியே தேங்கும். பிஎச் குறைவாக இருக்கும்வரை அது பெரும்பாலும் அயனி வடிவில் இருப்பதால் மீன் சமாளித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் யாரோ அக்கறையோடு பாதித் தண்ணீரை மாற்றிப் போர் தண்ணீர் ஊற்றுவார். பிஎச் ஏறும், தேங்கிய அம்மோனியாவில் மீனைக் கொல்லப் போதுமான பங்கு ஒரே மணி நேரத்தில் நஞ்சாகும். நல்லது செய்யப் போய் மீனைக் கொன்றோம் என்று அவர் கடைசிவரை அறியமாட்டார். காரத்தன்மை, பிஎச், அம்மோனியா மூன்றையும் ஒன்றாகப் பார்த்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும். டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது. கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் அது மதிப்பிடுகிறது. அந்த நூற்றுக்கணக்கான பிபிஎம்மில் மீனைக் கொல்லும் ஒன்றிரண்டு பிபிஎம் அம்மோனியா எங்கே தனியாகத் தெரியும்?

சோதனையை ஒழுங்காகச் செய்வதும் ஒரு வேலை. காகிதப் பட்டைகள் எளிது, ஆனால் பலவற்றில் அம்மோனியாவுக்கான கட்டமே இருக்காது. புதுத் தொட்டிக்கு அதுவே முதலில் வேண்டியது. சொட்டு மருந்துப் பெட்டி மேல். குழாயைத் தொட்டி நீரிலேயே அலசி, கோடு வரை நிரப்பி, சொட்டுகளை எண்ணி விட்டு, சொன்ன நிமிடம் காத்திருந்து, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்துப் பார்க்க வேண்டும். நிறமுள்ள விளக்கின் கீழ் மஞ்சளும் இளம்பச்சையும் குழம்பும். நைட்ரேட் சோதனைக்குக் கூடுதல் கவனம் தேவை. அந்தப் புட்டிகளில் ஒன்றில் உலோகத் தூள் அடியில் படிந்திருக்கும். வேகமாகக் குலுக்காமல் விட்டால் இருக்கும் நைட்ரேட்டையும் இல்லை என்று காட்டும். அந்தத் தூள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி அதன் நிறத்தைத்தான் காட்டுகிறது. ஆகையால் தொட்டியில் நைட்ரைட் நிறைய இருக்கும் நாட்களில் நைட்ரேட் எண்ணை நம்பக்கூடாது. காலாவதித் தேதியையும் பார்த்து வாங்க வேண்டும்.

மீனில்லாமல் தொட்டியை நிலைநிறுத்த அம்மோனியா எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம் அம்மோனியம் குளோரைடுதான். தொட்டிக்குச் சோதனைக்கூடத் தரத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐம்பது லிட்டருக்கு ஏறத்தாழ 0.3 கிராம் கரைத்தால் 2 பிபிஎம் அம்மோனியா வரும். சுழியத்துக்கு இறங்கியதும் மறுபடி அதே அளவு. மாலையில் போட்ட 2 பிபிஎம் மறுநாள் மாலைக்குள் அம்மோனியாவாகவும் இல்லை, நைட்ரைட்டாகவும் இல்லை என்றால் தொட்டி தயார். நண்பர் வீட்டு நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வாங்கிப் போட்டால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். அப்போதும் தயிர் தோய்ந்ததா என்று பார்த்துத்தானே எடுக்கிறோம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் நேர்மையான ஒன்று, முன்னோர் எதையும் சோதிக்காமலே மீன் வளர்த்தார்கள் என்பது. வளர்த்தார்கள்தான். கொசுப்புழுவைத் தின்ன இன்றும் கிணற்றிலும் தொட்டியிலும் கப்பி விடுகிறோம். யாரும் அம்மோனியா பார்ப்பதில்லை. ஆனால் கிணற்றில் ஆயிரக்கணக்கான லிட்டர் நீருக்குச் சில மீன்கள், பாசி படிந்த சுவர்கள், அடியில் பல்லாண்டுச் சேறு, மேலிருந்து யாரும் தினம் இருமுறை புரதத் தீனி கொட்டுவதில்லை. அங்கே நுண்ணுயிர்கள் முன்பே குடியிருக்கின்றன. வரவேற்பறைப் பெட்டியில் இவற்றில் எதுவும் இல்லை. இதோடு சேர்த்துச் சொல்லப்படும் கடைக்காரர் அறிவுரை, ‘தண்ணீரை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு மீன் விடுங்கள்’ என்பது. அது குளோரினுக்கான மருந்து. அம்மோனியாவுக்கு இரண்டு நாளில் ஒன்றும் நடக்காது.

இன்னொரு மறுப்பு, பாக்டீரியாப் புட்டி விற்கிறார்களே, ஊற்றினால் போதாதா என்பது. சில புட்டிகள் உண்மையிலேயே உதவுகின்றன. ஆனால் லேபிளை நம்பி முடிவெடுக்க முடியாது என்பதற்கு ஆய்வு வரலாறே சாட்சி. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஹொவானெக்கும் உடன் ஆய்வாளர்களும் நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள கடல்மீன் காட்சியகத் தொட்டியின் சரளையிலிருந்து, பாக்டீரியாவே அல்லாத, ஆர்க்கியா என்ற வேறு குலத்தைச் சேர்ந்த அம்மோனியா தின்னி ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. 2011இல் பல நன்னீர்த் தொட்டிகளின் வடிகட்டியில் அந்தக் குலமே மேலோங்கியிருப்பது தெரிந்தது. 2015இல் இரண்டு கட்டத்தையும் தனியாளாக முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகை கண்டறியப்பட்டது; அவற்றுள் சில மீன் பண்ணையின் வடிகட்டியிலிருந்தே கிடைத்தன. வேலைக்காரர்களின் பெயர் இத்தனை முறை மாறியபோதும், அம்மோனியா இறங்குகிறதா, நைட்ரைட் வந்துபோகிறதா என்ற அளவீடு ஒருமுறையும் பொய்த்ததில்லை. புட்டியில் இருப்பது உயிரோடு இருக்கிறதா, கடையின் வெயில்பட்ட அலமாரியில் செத்துவிட்டதா என்பதையும் அந்த அளவீடே சொல்லும். அடர்த்தியாகச் செடி நட்ட தொட்டிகளில் செடியே அம்மோனியத்தை உறிஞ்சிவிடும், நைட்ரைட் தோன்றாமலே போகலாம். அங்கும் முதல் மீன்களை விட்டபின் வரும் எண்களைப் பார்க்காமல் நிம்மதி கொள்ள முடியாது.

பணம் பற்றிய மறுப்பும் உண்டு: சில ரூபாய் மீனுக்காக அதைவிடப் பல மடங்கு விலையில் பெட்டி வாங்குவதா? கணக்காகப் பார்த்தாலும் மூன்று முறை மீன் வாங்கி மூன்று முறை இழப்பவர் மிச்சம் பிடிப்பதில்லை. முழுப் பெட்டி முடியாதவர் அம்மோனியா, நைட்ரைட் இரண்டு சோதனைகளை மட்டும் தனியே வாங்கலாம். ஆனால் விலை குறைந்த உயிர் என்பதால் மூச்சுத் திணறிச் சாகலாம் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. கண்ணாடிக்குள் அதை அடைத்தது நாம். தப்பிப் போக அதற்கு ஆறு இல்லை.

ஏற்கெனவே மீன் விட்டுவிட்டவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் சோதனை இன்னும் அவசரம். தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 0.5 பிபிஎம்மை நெருங்கினால் குளோரின் நீக்கிய, அதே வெப்பமும் பிஎச்சும் உள்ள தண்ணீரைக் கொண்டு தொட்டி நீரில் பாதியை மாற்ற வேண்டும். பாதி மாற்றினால் அளவும் பாதியாகும், அவ்வளவே. மறுநாள் மீண்டும் பார்க்க வேண்டும். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள், சிறு கிள்ளளவு. நைட்ரைட் ஏறும் வாரத்தில் லிட்டருக்கு அரை கிராம் சாதாரண உப்பு கரைத்தால் அதன் குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். நீரை மாற்றினால் பாக்டீரியா போய்விடும் என்ற பயம் வேண்டாம். அவை ஸ்பாஞ்சிலும் சரளையிலும் ஒட்டி வாழ்கின்றன. அவற்றைப் போக்கடிப்பது வேறொரு பழக்கம்: மாதம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாய் நீரில் கசக்கிக் கழுவி வெயிலில் காய வைப்பது. சுத்தம் என்று நினைத்துச் செய்யும் அந்த நாளில் தொட்டி மறுபடியும் முதல் நாளுக்குப் போகிறது. ஸ்பாஞ்சை, எடுத்த தொட்டி நீரிலேயே பிழிந்து மாட்டினால் போதும்.

தொட்டி நிலைபெற்றபின் இரண்டு மூன்று மீன்களாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் அம்மோனியாவைக் கவனித்து, அசையாமல் நின்றால் அடுத்ததை வாங்கலாம். அதன்பின் நைட்ரேட்டை மட்டும் வாரம் ஒருமுறை பார்த்து, அது ஏறும் வேகத்தைக் கொண்டு எவ்வளவு நீர் மாற்றுவது என்று முடிவு செய்யலாம். மின்சாரம் பல மணி நேரம் நின்றுபோன நாள் இதற்கு விலக்கு. நீரோட்டம் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக் கூட்டத்தின் ஒரு பகுதி அழியலாம். மருந்து போட்டபோதும் அப்படியே. அடுத்த மூன்று நாட்கள் தீனியைக் குறைத்து அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் முதல் வாரத்தில் பார்த்ததுபோலவே தினம் பார்த்து எழுதிவர வேண்டும்.